ஆறு இடத்தில் சிவப்பு மை

சென்ற வாரம் நான் மையத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வரில் ஒருவர் பட்டாளத்திலிருந்து விலகும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகம் பழையது ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்.டி. என்றால் மோட்டார் வண்டிப் பிரிவு. டி.ஓ.எஸ். என்றால் இந்தப் பிரிவின் ஆள்கணக்கில் சேர்த்துக்கொண்டோம். எஸ்.ஓ.எஸ். என்றால் ஆள்கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். ஒரே நிமிடத்தில் எல்லாம் வந்து விழுந்தது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இவற்றைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினேழு வருடப் பட்டாளத்து உத்தியோகம் தேவைப்பட்டது.

அந்தப் பதினேழு வருடத்தையும் வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு மனிதருடைய இடது கால் என் பேனாவால் போயிருக்க வேண்டியது. போகவில்லை. அதனால்தான் இன்று சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சுரக்குடிக்காரன். பட்டாளத்தில் குமாஸ்தாவாக இருந்து திரும்பியவன். துப்பாக்கி பிடித்ததைவிடப் பேனா பிடித்ததே அதிகம். ஊருக்கு வந்ததும், முன்னாள் பட்டாளத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கும் இந்த மையத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். அப்போது மையம் என்றால் ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு இரும்பு பீரோ, ஒரு டெலிபோன், ஆள் என்று பார்த்தால் நான் ஒருவன். கையெழுத்தும் என்னுடையது, முத்திரையும் என்னுடையது. முப்பத்தெட்டு வயதில் அது கொஞ்சம் தலைக்கு ஏறத்தான் செய்யும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ரெஜிமென்டில் இருந்த தலைமைக் குமாஸ்தா. வெள்ளைக்காரன் காலத்தில் சேர்ந்தவர். வெள்ளைக்காரன் கப்பலேறினாலும் அவனுடைய எழுத்துச் சுருக்கங்கள் ஒன்றுகூடக் கப்பலேறவில்லை, எல்லாவற்றையும் நம்மிடமே விட்டுப் போய்விட்டான் என்பார். அவர் சொன்ன விதிகளில் ஒன்று சிவப்பு மையைப் பற்றியது. பட்டாளத்தில் ஒருவனுடைய ஏட்டில் பெரிய தண்டனைகளைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். சிவப்பு விழுந்தவனுக்குப் பதவி உயர்வு தள்ளிப்போகும், நல்ல பெயர் போகும். ஆகவே கறுப்பைப் படி, சிவப்பை இரண்டு தடவை படி என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார். எனக்குச் சிவப்பு நினைவிருந்தது. ‘இரண்டு தடவை’ என்பது மறந்துபோனது.

ஜமால் பாய் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். காரைக்காலில் இது கொஞ்சம் அபூர்வம். நம் ஊரில் பழைய பட்டாளத்தான் என்றால் சொல்தாதான், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர். ஜமால் பாய் போன்ற சிலர்தான் பூவம் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போய், ஆங்கிலேயன் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பர்மாப் பக்கம் இடது காலில் குண்டு பட்டு, ஆறி, ஊர் திரும்பி, நாற்பது வருடம் அதே காலால் கிளட்ச் மிதித்து வண்டி ஓட்டியதாக அவரே சொல்வார். வயதானதும் சர்க்கரை வந்தது. பழைய காயம் மறுபடி வாய் திறந்தது. உள்ளூர் டாக்டர், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான், பெரிய ஆஸ்பத்திரியில் வேண்டுமானால் ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி என்று அவர் சொன்னது சென்னையில் இருந்த பட்டாளத்து ஆஸ்பத்திரியை. எழுதிக் கேட்டோம். புதன்கிழமைக்குப் படுக்கை ஒதுக்குகிறோம், நடத்தை கெட்டவர்களுக்கு இடம் கிடையாது, அதற்குள் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைச் சரிபார்த்து நடத்தை எப்படி என்று மையத்திலிருந்து எழுதி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அவர் மனைவி மரியம் பீவி வியாழக்கிழமை புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

புத்தகம் எப்போதோ வெள்ளத்தில் நனைந்திருந்தது. பக்கங்கள் அப்பளம் போல் நெளிந்திருந்தன. கறுப்பு எழுத்துகள் ஓரளவு தெரிந்தன. ஆனால் ஓரங்களில் ஆறு இடத்தில் சிவப்பு மை, கரைந்து பரவிக் கிடந்தது. நடத்தை என்ற கட்டத்தின் மேலேயே ஒரு பெரிய சிவப்புத் திட்டு. கீழே என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சிவப்பில் மிச்சமிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்க நான் முயலவே இல்லை. நிறத்தைப் பார்த்தேன், எண்ணினேன், எழுதினேன். ‘சிவப்பு மைக் குறிப்புகள் ஆறு உள்ளன. நடத்தை பற்றிய பதிவு தெளிவாக இல்லை.’ ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்தேன். ஜெராக்ஸில் சிவப்பும் கறுப்புதான். அங்கே இருப்பவன் என் வரியை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கடிதத்தைப் படிப்பவருக்கு அசல் தெரியாது.

மரியம் பீவியை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வயதான காலத்தில் புருஷனுடைய பழைய தண்டனையைப் பற்றி அவரிடம் எப்படிக் கேட்பது, பாவம், என்று எனக்கு நானே ஒரு நாகரிகம் சொல்லிக்கொண்டேன். சோம்பேறித்தனத்துக்கு அதைவிட நல்ல சட்டை கிடைக்காது. வெள்ளிக்கிழமை கடிதம் தபாலில் போய்விட்டது.

திங்கள்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. காயத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டு, மறுநாள் சென்னைக்குக் கிளம்ப என்னிடம் ஒரு கடிதம் வாங்கிப் போக வந்திருந்தார்கள். ஜமால் பாய் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார். மரியம் பீவி மட்டும் உள்ளே வந்தார்.

“தம்பி, லெட்டர் ரெடியாயிடுச்சா? துணிமணியெல்லாம் கட்டி வச்சிட்டேன்.”

“உக்காருங்கம்மா” என்றேன். பிறகு, இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது, நீதிபதி மாதிரி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன். “பாய் பேருல பட்டாளத்துல தண்டனை இருக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆறு. நான் மறைக்க முடியாது, எழுதி அனுப்பிட்டேன். படுக்கை கெடைக்கிறது கஷ்டந்தான்.”

அந்த அம்மா உட்காரவில்லை. திரும்பி நேராக வேனுக்குப் போனார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, பின்னாலேயே போனேன்.

“ஏங்க, பட்டாளத்துல நீங்க தண்டனை வாங்குனீங்களா?”

“யாரு சொன்னா?”

“இந்தத் தம்பிதான். ஆறு தண்டனையாம்.”

நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர் புருஷனைப் பார்த்த அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இருந்தது. அதை அங்கே போட்டவன் நான். ஜமால் பாய் அதைக் கண்டுகொண்டார். முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை.

“அல்லாஹ் மேல ஆணையா ஒண்ணுகூட இல்ல மரியம்.” பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “தம்பி, காலு போனா போவட்டும். அறுவத்திரெண்டு வயசுக்கு இது உழைச்சது போதும். ஓடிப்போனவன்னு மட்டும் எழுதிடாதீங்க. எம் பேரப்புள்ளைவோ படிக்கும்.”

“புத்தகத்தக் கொண்டாங்க” என்றார் மரியம் பீவி என்னிடம். குரல் மாறியிருந்தது.

பீரோவைத் திறந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சிவப்பு இருந்த இடங்களை விரலால் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதுக்கு வருவதற்குள் அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்தார்.

“இது எங்க வாப்பா எழுதுனதாச்சே, தம்பி! மை வில்லையக் கரைச்சுக் குடுத்ததே நான்தானே!”

அவருடைய தகப்பனார் பிரெஞ்சுக்காரன் காலத்தில் இங்கே ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். போர் முடிந்து ஜமால் பாய் ஊர் திரும்பியதும் கல்யாணப் பேச்சு எழுந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு நிலம் கிடையாது, கடை கிடையாது. காட்டுவதற்கு இருந்தது டிஸ்சார்ஜ் புத்தகம் ஒன்றுதான், அதைத்தான் பெண் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். வாத்தியாருக்கோ பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம் பக்கத்திலேயே வராது. அதிலும் இது முழு ஆங்கிலம்கூட இல்லை, வெறும் எழுத்துப் புள்ளி எழுத்துப் புள்ளி.

“ஒரு வாரமா பூவம் தாண்டிப் பொறையாறு போயிப் போயி வந்தாங்க. அங்க யாரோ பட்டாளத்து ஆளு இருந்தாராம். ஒவ்வொரு எழுத்தா கேட்டுட்டு வந்து பக்கத்துல பக்கத்துல எழுதுவாங்க. என்ன வாப்பா எழுதுறீங்கன்னேன். மாப்புள்ளைக்குப் பரீட்சைம்மான்னாங்க.”

வாத்தியார் கையில் வேறு என்ன மை இருக்கும்?

கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது. திங்கள்கிழமைத் தபாலில் என் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இருந்தாலும் அந்த அம்மா சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு டெலிபோனை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு தடவை படிக்காமல் எழுதியவன், இரண்டாவது தடவையும் படிக்காமல் பேசக்கூடாதே.

நல்ல வேளையாக எங்கள் மையத்துக்குத் தினமும் பேப்பர் படிக்க ஒரு சொல்தா வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜென்டாக இருந்தவர். என்னை மிஸ்யே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அவருக்கும் நாள் தவறாமல் வாய்ச்சண்டை. அன்றும் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு புத்தகத்தின் மேல் குனிந்தார்.

“உங்க இங்கிலீஷ்காரன் என்ன கஞ்சன்யா, முழுசா ஒரு வார்த்தை எழுதமாட்டானா?” என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். “மிஸ்யே, இது பிரெஞ்சுதான். சுத்தமான பள்ளிக்கூட பிரெஞ்சு. எம்.டி.க்குப் பக்கத்துல எழுதியிருக்காரு, மோட்டார் வண்டி ஓட்டுகிறவன், கையில் தொழில் இருக்கிறது. இதுவா தண்டனை?”

அவரே அந்தப் பெரிய சிவப்புத் திட்டைக் கண்ணாடி வழியாகக் காட்டினார். சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது சிவப்புக்கு அடியில் கறுப்பு மெல்ல எழுந்து வந்தது. ஒரே ஒரு சொல், எக்ஸெம்ப்ளரி. பட்டாளத்தில் ஒருவனுக்குக் கொடுக்கக்கூடிய ஆக உயர்ந்த நடத்தைச் சொல் அது.

சென்னை ஆஸ்பத்திரிக்கு அவசர டிரங்க் கால் போட்டேன். லைன் கிடைக்க இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் என்ன சொல்வது என்றுதான் ஒத்திகை பார்த்தேன். ‘புதிய தகவல் கிடைத்துள்ளது’ என்று சொல்லலாம். ‘மறு ஆய்வில் தெரியவந்தது’ என்று சொல்லலாம். குமாஸ்தாவுக்கு இப்படி நூறு வழி தெரியும். உதடு அசைந்ததைப் பார்த்து சொல்தா கண்டுபிடித்துவிட்டார்.

“மிஸ்யே, தப்புன்னு சொல்லிடுங்க. நீங்க சுத்தி வளைச்சுப் பேசிக்கிட்டிருந்தா அவன் வேற வேலையப் பார்க்கப் போயிடுவான். அந்த மனுசன் காலும் அதோட போயிடும்.”

ஆஸ்பத்திரியில் எடுத்தவர் ஒரு ஹவில்தார். வேலூர்ப் பக்கத்துத் தமிழர்.

“உங்க லெட்டர் காலையிலயே வந்துடுச்சு சார். பேஷன்ட் வேணான்னு நோட் போட்டு வச்சிருக்கேன். பன்னெண்டு மணிக்கு ஆபீசர் டேபிளுக்குப் போவுது.”

“அதை அனுப்பாதீங்க. நான் எழுதுனது தப்பு.”

“எது தப்பு?”

“சிவப்பு மைக் குறிப்பு எதுவும் இல்ல. நடத்தை எக்ஸெம்ப்ளரின்னு எழுதியிருக்கு. இப்பதான் படிச்சேன்.”

“ஆறுன்னு எழுதியிருக்கீங்களே சார்?”

“ஆறு இடத்துல சிவப்பு மை இருக்கு. ஆனா அது பட்டாளம் போட்டதில்ல.”

“பின்ன யாரு போட்டது?”

“அவரோட மாமனார்.”

எதிர்முனையில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன். அறுபடவில்லை. அந்த ஹவில்தார் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“சரி சார். எனக்கும் ஒரு மாமனார் இருக்காரு” என்றார் திரும்பி வந்து. “நோட்டைக் கிழிச்சிடறேன். நீங்க தப்புன்னு ஒரு லெட்டர் எழுதி, அசல் புத்தகத்தோட பேஷன்ட் கையில குடுத்தனுப்புங்க. படுக்கை இருக்கும்.”

ரிசீவரை வைத்தேன். மரியம் பீவி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அத அவங்ககிட்ட கேளுங்க” என்று வேனைக் காட்டினார். சரியாகத்தான் சொன்னார்.

வேனுக்குப் போய் ஜமால் பாயிடம் கேட்டேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சிவப்பு மை யாருடையது என்று சொன்னதும் அவருக்கு வேறு நினைவு வந்துவிட்டது.

“அதுவா! நாப்பது வருசமா இவகிட்ட சொல்லிக் காட்டிக்கிட்டே இருக்கேன் தம்பி. புத்தகம் திரும்பி வந்தப்ப பக்கம் பக்கமா செவப்பு. உங்க வாப்பா என் பட்டாளத்துக்கே தப்புத் திருத்தி அனுப்பிட்டாருன்னு. அந்த மனுசன் மவுத்தாகுற வரைக்கும் எங்கிட்ட ஒரு நல்ல வார்த்தை பேசினதில்ல.”

அப்போதுதான் எங்கள் யாருக்கும் தோன்றியது. அந்த ஆறையும் இதுவரை யாருமே அவருக்குப் படித்துச் சொன்னதில்லை. சொல்தா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பூதக்கண்ணாடியில் பார்த்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். இரண்டு முழுவதும் அழிந்துவிட்டன. முதலாவது, கையில் தொழில் இருக்கிறது. எஸ்.ஓ.எஸ்.க்குப் பக்கத்தில், ‘ஆள்கணக்கிலிருந்து எடுத்தது ஆஸ்பத்திரியில் சேர்த்ததால். ஓடிப்போகவில்லை, விசாரித்துவிட்டேன்.’ நடத்தைக் கட்டத்தின் மேல், ‘இதற்கு மேல் இல்லை. மரியமைக் கொடுக்கலாம்.’

கடைசியாக ஜி.எஸ்.டபிள்யூ. குண்டுக் காயம் என்பதற்குப் பட்டாளம் போட்ட மூன்றெழுத்து. அதன் பக்கத்தில் இருந்ததைச் சொல்தா முதலில் தனக்குள் படித்துக்கொண்டார். பிறகு சத்தமாகச் சொன்னார்.

“இடது காலில் குண்டு. நன்றாக நடக்கிறான். நானே பார்த்தேன்.”

ஜமால் பாய் மனைவி பக்கம் தலையைத் திருப்பினார்.

“எப்ப வந்து பார்த்தாரு?” என்றார்.

“எனக்கென்ன தெரியும்? கடைத்தெருவுல எங்கயாச்சும் ஒளிஞ்சி நின்னு பார்த்திருப்பாங்க.”

“சொல்லவே இல்லியே” என்றார். காதோரம் இறங்கிய கண்ணீரை அவர் துடைக்கவில்லை.

மறுநாள் காலை அவர்கள் கிளம்பினார்கள். நான் கொடுத்தனுப்பிய கடிதத்தின் முதல் வரி, முந்தைய கடிதம் என் தவறு என்பதுதான். என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய கடிதங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். அதற்குப் பிறகு எந்தப் புத்தகம் வந்தாலும் கொண்டுவந்தவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டுதான் பிரிப்பேன். இது என்ன, இது எப்படி வந்தது என்று கேட்பேன். சங்கடமான கேள்வியென்றால் முதலில் கேட்பேன். எழுத்துச் சுருக்கத்துக்கு உங்கள் கைப்பேசி விரிவு சொல்லிவிடும், என்னைவிட வேகமாகவே. ஓரத்தில் இருப்பதை எழுதியது யார் என்று எதிரே உட்கார்ந்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்று அழுத்தமாக, ஒன்று கொஞ்சம் இழுத்து. நிமிர்ந்தேன். ஜமால் பாய் கம்பை மரியம் பீவியிடம் கொடுத்துவிட்டு, வாசற்படியிலிருந்து என் மேசை வரை தனியாக நடந்து வந்தார். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கால் இருந்தது.

அவர்கள் போன பிறகு அவருடைய கோப்பை எடுத்தேன். முடித்து வைக்கும் கோப்பில் கடைசியாக ஒரு வரி எழுத வேண்டும், உங்களுக்குத் தெரியும். எதிர்க்கடைக்குப் போய் ஒரு சிவப்புப் பேனா வாங்கி வந்தேன். அந்தக் கோப்பு இன்னும் மூன்றாவது பீரோவில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஏன் சிவப்பு என்று இதுவரை ஒரு தணிக்கைக்காரரும் என்னைக் கேட்டதில்லை.

‘நன்றாக நடக்கிறார். நானே பார்த்தேன்.’